பாதி ஸ்ட்ரிப் மாத்திரை

எங்க கடையில ஒரு நாளைக்கு அதிகமா காதுல விழுற வார்த்தை "பாதி குடுப்பா". டாக்டர் அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதியிருப்பாரு, வர்றவங்க சீட்ட நீட்டி மொத்தம் எவ்ளோ ஆகும்னு கேப்பாங்க, இருநூத்தி சொச்சம்னு சொன்னதும் முந்தானையில முடிஞ்சு வெச்ச காச ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு "ரெண்டு நாளைக்கு மட்டும் குடு, மருந்து கேட்டுச்சுன்னா வந்து மீதிய வாங்கிக்கிறேன்" ம்பாங்க. மீதிய வாங்க பெரும்பாலும் யாரும் வர்றதில்ல. ஜுரம் விட்டதும் வேலைக்கு போயிடுவாங்க. கிருமி முழுசா சாகாம உள்ளயே இருக்கும், அடுத்த தடவ வரும்போது அதே மாத்திரைக்கு அடங்காம போகலாம், அப்போ இன்னும் வெல கூடுன மருந்து, அதுலயும் பாதி. கடன்ல எழுதிக்கிறேன் முழுசா எடுத்துட்டு போங்கன்னு சொன்னா சிலர் ஒத்துக்குவாங்க, பல பேர் ஒத்துக்க மாட்டாங்க, ஏற்கனவே குழு லோன், தண்டல், மளிகை கடை பாக்கின்னு தலைக்கு மேல இருக்கறவங்களுக்கு மெடிக்கல் ஷாப் கடனும் சேந்தா என்ன ஆகறது.

எங்க ஊர் பாலாத்தங்கரையில இருக்கு. தோல் ஷாப்புக்கு போற ஆம்பளைங்க, ஷூ கம்பெனி பஸ்ல ஏறிப் போற பொண்ணுங்க, வீட்டுலயே உக்காந்து பீடி சுத்துற அம்மாங்க, ஊதுவத்தி உருட்டுறவங்க, இவங்கதான் எங்க கஸ்டமர். ஆயிரம் பீடி சுத்துனா முன்னூறு ரூபாய் முழுசா கைக்கு வர்றதில்ல, அந்த ஆயிரத்த சுத்துறதுக்கே காலையில உக்காந்தா ராத்திரி ஆயிடும். அந்த தூள மூச்சுல இழுத்து இழுத்து இருமல் வர்றது தனி கதை.

ஆனா யாரு கேட்டாலும் ஒரு கேள்வி வரும். எங்க கடையில இருந்து நடந்து போற தூரத்துல கவுருமெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு, ஓபி சீட்டு இலவசம், டாக்டர் இலவசம், மாத்திரையும் இலவசம். அப்புறம் எதுக்கு இவங்க எங்கிட்ட வந்து காச எண்ணிகினு நிக்கிறாங்க? படிக்காதவங்க, விழிப்புணர்வு இல்லன்னு சுலபமா சொல்லிட்டு போறவங்க இருக்காங்க. எனக்கு அந்த பதில் கேட்டா கோவம் வரும். அவங்களுக்கு நல்லாவே தெரியும். அங்க ஒவ்வொரு கதவுகிட்டயும் கை நீட்டுவாங்கன்னும் தெரியும், அதுக்காகத்தான் போறதில்ல.

ஸ்ட்ரெச்சர் தள்ளறதுக்கு அம்பது நூறு. புண்ணுக்கு கட்டு மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது. ஸ்கேனுக்கு சீக்கிரம் விடறதுக்கு ஒரு ரேட்டு. பிரசவ வார்டு ரேட்டு ஊருக்கே தெரியும், பொம்பள புள்ளனா ஐநூறு, ஆம்பள புள்ளனா ஆயிரம், கொழந்தைய துணியில சுத்தி எடுத்துட்டு வந்து வெளிய நிக்கிற அப்பன் கையில குடுக்கும்போதே கேட்டுடுவாங்க, அந்த நேரத்துல இல்லன்னு சொல்ல எந்த அப்பனுக்கும் வாய் வராது. செத்துப் போனா பிணவறையில துணி சுத்தி குடுக்கறதுக்கும் காசு. இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரின்னு பேர் சொல்லி எழுத நான் உக்காரல, ஏன்னா இத படிக்கிற பாதிப் பேருக்கு அவங்கவங்க ஊர் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

ஊழல கண்காணிக்கிற டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல்ங்கற அமைப்பு 2020ல ஆசிய நாடுகள்ல எடுத்த கணக்குல, அரசு சேவைய தேடிப் போனவங்கள்ல நூத்துக்கு 39 பேர் லஞ்சம் குடுத்ததா இந்தியாவுல சொல்லியிருக்காங்க, அந்த கணக்குல ஆசியாவுலயே நாமதான் மேல. அந்த 39 பேரப் பத்திதான் எல்லாரும் பேசறோம். நான் பேச விரும்பறது குடுக்க முடியாம வீட்டுலயே இருந்துட்டவங்கள பத்தி, அவங்க எந்த கணக்குலயும் வர மாட்டாங்க. வாங்குறவருக்கு அம்பது ரூபாய் ஒரு டீ, ஒரு பன்னு. குடுக்குற அம்மாவுக்கு அது அன்னைக்கு ராத்திரி கொழம்பு. ஒரு தடவ குடுத்துடுவாங்க, ரெண்டாவது தடவையும் குடுத்துடுவாங்க, மூணாவது தடவ "நாளைக்கு பாத்துக்கலாம்" னு தள்ளிப் போட்டுடுவாங்க. லஞ்சம் புடுங்குறது காச விட அதிகமா நோயாளியோட நேரத்த, அந்த தள்ளிப் போட்ட நாளுங்கள்ல நோய் முத்திடும்.

எங்க தெருவுல ஒருத்தர், வண்டியில காய் விக்கிறவரு, பல வருஷமா சுகர். கால் வெரல் நடுவுல ஒரு சின்ன புண்ணு. தினமும் போயி கட்டு மாத்திகினு வந்திருந்தா ஆறியிருக்கும். போனா அரை நாள் வியாபாரம் போச்சு, அதுக்கு மேல கட்டு மாத்தறவருக்கு வேற குடுக்கணும். ஒரு வாரம் போனாரு, அப்புறம் நின்னுட்டாரு, எங்க கடையில பஞ்சும் ஆயின்ட்மென்ட்டும் வாங்கி அவரே கட்டிகினாரு. நான் சொல்லாம இல்ல, அவரு கேக்காமயும் இல்ல, "போறேன்பா, திங்கக்கிழமை போறேன்" னு சொல்லிகினே இருந்தாரு. கடைசியில வேலூர் போயி முழங்காலுக்கு கீழ எடுக்க வேண்டியதா போச்சு. இப்போ வண்டிய அவரு சம்சாரம் தள்ளறாங்க. பத்தாவது படிச்சிகினு இருந்த பையன் ஸ்கூல விட்டுட்டு ஷாப்புக்கு வேலைக்கு போறான். கட்டு மாத்த கேட்ட முப்பது ரூபாய்க்கு கணக்கு பாத்தா ஒரு கால், ஒரு பையனோட படிப்பு. கேட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

கை நீட்டுறவங்கள கெட்டவங்கன்னு மட்டும் சொல்லி முடிச்சுட என்னால முடியல. எங்க கடைக்கு பிபி மாத்திரை வாங்க வர்ற ஒரு அக்கா ஆஸ்பத்திரியில கான்ட்ராக்ட்ல துப்புரவு வேலை பாக்குறாங்க. சம்பளம்னு பேப்பர்ல இருக்கறது ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணு, பிஎஃப் புடிக்கிறேன்னு சொல்லி புடிப்பாங்க, அது எங்க போச்சுன்னு கேக்க முடியாது, வேலைக்கு சேரும்போதே ஒரு தொகை குடுத்துட்டுதான் சேந்தாங்களாம். "ஆயிரம் பேர் மலத்த அள்றேன் தம்பி, மாசம் பொறந்தா சம்பளம் எப்போ வரும்னு தெரியல, நான் இன்னா பண்ணுவேன் சொல்லு" ன்னாங்க. எனக்கு பதில் வரல. மேல கான்ட்ராக்ட் எடுக்க ஒருத்தர் குடுக்குறாரு, அத இந்த அக்கா சம்பளத்துல கழிக்கிறாரு, இவங்க அத பிரசவத்துக்கு வந்த பொண்ணுகிட்ட வாங்குறாங்க. அந்த பொண்ணுகிட்ட கீழ தள்ளி விட யாரும் இல்ல, அதனால அது அவ ஒடம்புலயே நின்னுடும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற பொண்ணுங்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்த சோகைன்னு சொல்லுது. எங்க கடையில நின்னு பாத்தா அந்த நம்பர் ஆச்சரியமாவே இல்ல, சத்து மாத்திரைக்கும் கறிக்கும் ஒதுக்குற காசுலதான எல்லாரும் முதல்ல கை வைக்கிறாங்க.

ஆஸ்பத்திரிக்கு போகாதவங்க எங்க போறாங்கன்னா, ஊசி போடறவருகிட்ட. படிப்பு இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கறதில்ல. நம்ம மாவட்டங்கள்ல போலி டாக்டர புடிச்சாங்கன்னு பேப்பர்ல அடிக்கடி பாக்குறோம், கொஞ்ச நாள்ல அதே ஆளு வேற தெருவுல போர்டு இல்லாம ஒக்காந்துடறாரு. சனங்க அவர தேடிப் போறதுக்கு காரணம் இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருப்பாரு, கடன் சொல்லலாம், மரியாதையா "வாம்மா, உக்காரு" ம்பாரு, தெருவுலயே இருக்காரு, பஸ் செலவு இல்ல. ஒரு டெக்ஸா ஊசி போட்டதும் ஒடம்பு வலி பறந்துடும், கைராசிக்காரருன்னு பேரு வந்துடும். அது ஸ்டீராய்டு, சுகர் இருக்கறவங்களுக்கு சக்கரைய ஏத்தி விட்டுடும்னு யாரு சொல்றது. அவர தொரத்தணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, ஆனா ராத்திரி எட்டு மணிக்கு காசு கேக்காம மரியாதையா பாக்குற ஒரு எடம் இல்லாம அவர மட்டும் தொரத்துனா எப்படி?

டிபி விஷயத்துல இந்த தள்ளிப் போடறது இன்னும் மோசம். ஆறு மாசம் மாத்திரை, அரசு முழுசா இலவசமா குடுக்குது, 2018 ஏப்ரல்ல இருந்து சாப்பாட்டுக்குன்னு மாசம் 500 ரூபாய், 2024 நவம்பர்ல இருந்து 1000 ரூபாய் பேங்க் கணக்குல போடறாங்க. நல்ல திட்டம், மனசார சொல்றேன். ஆனா இருமலோட ஒருத்தர் மாசக்கணக்கா எங்க கடையில இருமல் டானிக் வாங்கி குடிச்சுகினு இருந்துட்டு கடைசியில சளி டெஸ்டுக்கு போறாருன்னா, அதுக்குள்ள பத்துக்கு பத்து ரூம்ல கூட படுக்குற பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் அந்த காத்ததான சுவாசிக்கிறாங்க.

சரி பண்ணவே முடியாதுன்னு நான் சொல்லல. பண்ணி காட்டுன ஊரு நம்ம ஊரு. 1990கள் தொடக்கத்துல அரசு மருந்து வாங்குறதுல பெரிய முறைகேடு வெளிய வந்தப்புறம் 1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் ஆளாளுக்கு வாங்கிகினு இருந்தத நிறுத்திட்டு, அவசியமான மருந்துன்னு ஒரு பட்டியல் போட்டு, கம்பெனி பேர் இல்லாம மூலப்பொருள் பேர்ல டெண்டர் விட்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன் வெச்சு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே மருந்துக்கு ஒரு பாஸ்புக் குடுத்தாங்க, இவ்ளோ மதிப்புக்கு எடுத்துக்கலாம், எடுத்தத எழுதணும். வர்ற மருந்துல சாம்பிள் எடுத்து, எந்த கம்பெனின்னு மறைச்சு, கோட் நம்பர் மட்டும் போட்டு லேபுக்கு அனுப்புனாங்க, லேப்காரருக்கு யாரு மருந்துன்னே தெரியாதுன்னா யாருகிட்ட பேரம் பேசறது. மருந்து வெல கொறஞ்சுது, அதே பட்ஜெட்ல அதிக மருந்து கெடச்சுது, அப்புறம் கேரளா, ராஜஸ்தான்னு மத்த மாநிலங்களும் வந்து பாத்து இதே மாதிரி ஆரம்பிச்சாங்க. தனியார் மருந்து கடை வெச்சிருக்கறவன் இத பாராட்டறேன்னா அதுல எவ்ளோ விஷயம் இருக்குன்னு பாத்துக்கோங்க. லஞ்சம் நம்ம ரத்தத்துலயே இருக்குன்னு பேசறவங்க இத ஒரு தடவ யோசிக்கணும், அதே ஊரு, அதே சனங்க, வாங்குற முறைய மாத்துனாங்க, திருட எடம் கொறஞ்சுது.

இப்பவும் "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோ" ன்னு சீட்டு எங்ககிட்ட வரும். சில நேரம் நெஜமாவே வந்திருக்காது, சில நேரம் குடோன்ல இருந்து எடுக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டாங்க. வெளிய எழுதி அனுப்புறதுக்கு கமிஷன் வாங்குற பழக்கமும் இருக்கு, இத இந்த தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும்.

கண்காணிக்க வேண்டியவங்க கண்காணிக்கலன்னா என்ன ஆகும்னு 2025ல பாத்தோம். நம்ம வாலாஜா, ராணிப்பேட்டை வழியா போற அதே பெங்களூர் ஹைவேயில சுங்குவார்சத்திரத்துல ஒரு கம்பெனி, அங்க செஞ்ச கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ப குடிச்சு மத்திய பிரதேசம் சிந்த்வாரா பக்கம் 20க்கும் மேற்பட்ட கொழந்தைங்க கிட்னி செயலிழந்து செத்துப் போச்சுங்க. டை எத்திலீன் கிளைக்கால், 0.1 சதவீதம் தாண்டக் கூடாத விஷம், டெஸ்ட்ல 48.6 சதவீதம் இருந்துது. அந்த சிரப்ல பாதி விஷம்னு அர்த்தம். கொழந்தைய தூக்கிகினு நாக்பூர் வரைக்கும் ஓடி டயாலிசிஸுக்கு கடன் வாங்குன அப்பன் ஆத்தாங்க எல்லாம் நம்மள மாதிரி சாதாரண குடும்பம். அதுக்கப்புறம்தான் இங்க மருந்து ஆய்வாளருங்கள சஸ்பெண்ட் பண்ணாங்க, கம்பெனி லைசென்ஸ் ரத்து ஆச்சு. இது புதுசும் இல்ல, 1986ல பம்பாய் ஜேஜே ஆஸ்பத்திரியில இதே விஷம் கலந்த கிளிசரின் குடுத்து 14 பேர் செத்தாங்க, நீதிபதி லென்டின் கமிஷன் விசாரிச்சு மருந்து வாங்குறதுலயும் கண்காணிக்கிறதுலயும் எவ்ளோ ஊழல்னு விலாவாரியா எழுதி வெச்சாரு. கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு அதே விஷம். இந்த சேதி வந்த வாரம் முழுக்க கொழந்தைக்கு இருமல் மருந்து கேட்டு வந்த ஒவ்வொரு தாயும் பாட்டில திருப்பித் திருப்பி பாத்துட்டு என் மூஞ்சிய பாத்தாங்க.

வடாற்காட்டுல பொறந்தவன் பாலாற எழுதாம விட முடியாது. ராணிப்பேட்டையில குரோமேட் கம்பெனி ஒண்ணு 1990கள் நடுவுல மூடிட்டு போனப்போ ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவ மலை மாதிரி விட்டுட்டு போச்சு. மழை பேஞ்சா மஞ்சளா தண்ணி ஓடும். ஒலகத்துலயே ரொம்ப மாசுபட்ட பத்து எடத்துல ராணிப்பேட்டை ஒண்ணுன்னு 2006ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்ங்கற அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு பட்டியல் போட்டுது. அந்த கழிவுல இருக்கற ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்ங்கற விஷ வகை நுரையீரல் கேன்சர வரவைக்கும், தோல்ல குழிப்புண்ணு போடும், மூக்கு நடுத்தண்டுல ஓட்டையே போட்டுடும். தோல் ஷாப்புங்க, அதாவது டேனரிங்க, கழிவ பாலாத்துல விடறத எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் மாசு பண்றவனே அதுக்கு விலை குடுக்கணும்னு சொல்லுச்சு, ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் அபராதம் போட்டுது, இன்னைக்கு இந்தியாவுல சட்டம் படிக்கிற எல்லா பசங்களும் வேலூர் பேர படிக்கிறாங்க. தீர்ப்பு வந்து 18 வருஷம் தாண்டி 2015 ஜனவரி 31ல ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோட கசடு தொட்டி சுவரு ராத்திரியில இடிஞ்சு 10 பேர் அந்த சேத்துல மூழ்கி செத்தாங்க, பெரும்பாலும் மேற்கு வங்காளத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. 2025 ஜனவரி 30ல சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாறு பத்தி ஒரு தீர்ப்பு குடுத்துது, பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுங்க, குடுத்தத டேனரிங்ககிட்ட வசூல் பண்ணுங்க, கமிட்டி போடுங்கன்னு. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல ஒரு தலைமுறையே பொறந்து வளந்து அந்த தண்ணிய குடிச்சிருக்கு. சட்டம் இருந்துது, மாசு கட்டுப்பாட்டு போர்டு இருந்துது, ஆய்வுக்கு வண்டி வந்துது, ராத்திரியில கழிவுக் குழாய் திறந்துகினேதான் இருந்துது. எதுக்காக கண்ண மூடிகினாங்கன்னு ஊருல சின்ன கொழந்தைய கேட்டாலும் சொல்லும்.

இங்கயும் யாரு குடிச்சாங்கன்னு பாருங்க. காசு இருக்கறவங்க கேன் தண்ணி வாங்கிட்டாங்க. இல்லாதவங்க காவேரி தண்ணி குழாய்ல வர்ற நாளுக்கு குடத்த வரிசையில வெச்சுட்டு, வராத நாளுக்கு போர் தண்ணிய குடிச்சாங்க. ஷாப்புல வேலை செய்யறவரு எங்ககிட்ட கை அரிப்புக்கு ஆயின்ட்மென்ட் வாங்குவாரு, க்ளவுஸ் போட்டா என்னன்னு கேட்டா "குடுத்தாதானே போடறது" ம்பாரு.

முதல்வர் காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் ஆபரேஷன் பண்ணிக்கலாம், உசுர காப்பாத்துன திட்டம். வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னு விஏஓ கிட்ட இருந்து வருமானச் சான்று வேணும். அந்த கையெழுத்துக்கு அலையறவங்கள கேட்டுப் பாருங்க. ஆக ஆஸ்பத்திரி வாசல மிதிக்கிறதுக்கு முன்னாடியே வேற ஒரு ஆபீஸ்ல ஆஸ்பத்திரி லஞ்சம் ஆரம்பிச்சுடுது, நெஞ்சு வலியோட இருக்கற மனுஷனோட புள்ள அங்க வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கும். பிரசவத்துக்கு வர்ற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து 18,000த்துலயும் முன்ன மாதிரி நேரா கை வைக்க முடியல, பணமா வர்ற பங்க பேங்க்ல போடறாங்க, ஆனா கம்ப்யூட்டர்ல பேர் ஏத்த, ஏத்துனத சரி பண்ணன்னு கேக்கறவங்க கேட்டுகினுதான் இருக்காங்க.

2021-22 தேசிய சுகாதார கணக்கு பிரகாரம் நாட்டுல மருத்துவத்துக்கு ஆகுற மொத்த செலவுல 39.4 சதவீதம் சனங்க சொந்த பையில இருந்து போகுது. 2013-14ல அது 64.2ஆ இருந்துது, கொறஞ்சிருக்கு, நல்லது. ரசீது இல்லாம வார்டு வாசல்ல குடுத்த காசெல்லாம் இதுல முழுசா வந்திருக்கும்னு நான் நம்பல.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கேன். ஸ்டாக் இல்லன்னு எங்க கடைக்கு வர்ற கவுருமெண்ட் சீட்டு எல்லாத்தையும் தேதி, மருந்து பேரு மட்டும் எழுதிக்கிறேன், ஆளோட பேரு எழுதறதில்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்துல குடுக்கணும்னு இருக்கேன், வெறும் வாயில சொன்னா "பாக்குறோம்" னு அனுப்பிடுவாங்க, பட்டியலா இருந்தா யாராவது பதில் சொல்லியாகணும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துல இருக்கறவங்க உங்க வீட்டுல யாரையாவது வெளிய வாங்கிக்கோன்னு அனுப்புனா அந்த சீட்ட தூக்கிப் போடாதீங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, 104க்கு போன் பண்ணி புகார் சொல்லுங்க, காசு கேட்டா எதுக்குன்னு சத்தமா கேளுங்க, பக்கத்து பெட்டுல இருக்கறவங்களுக்கும் கேக்குற மாதிரி. முக்கியமா சுகர் புண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், இது ரெண்டையும் காசுக்கு பயந்து தள்ளிப் போடாதீங்க. கூட வர ஆள் இல்லன்னா எங்க கடைக்கு வாங்க, காலையில பதினோரு மணிக்கு மேல தம்பி கடைய பாத்துக்குவான், நான் கூட வர்றேன்.